மரைக்கே என்றால் யார்?

கேள்வி: நெதர்லாந்தில் இருக்கும் தோழி மகளுக்கு 'மரைக்கே' என்று பெயர் வைத்திருக்கிறாள். செல்லப்பெயராமே, வளர்ந்ததும் மாற்றிவிடுவார்களா?

பதில்: அதெல்லாம் மாற்ற வேண்டியதில்லை, பாட்டியானாலும் மரைக்கேதான். மரியாவோடு 'கே' என்ற செல்ல விகுதி சேர்ந்து வந்த பெயர், குட்டி மரியா என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைய பொது டச்சில் செல்லத்துக்கு 'யே', 'ட்யே' என்றுதான் சேர்ப்பார்கள்; பழைய 'கே' பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸ் பேச்சிலும் அன்னெகே, யன்னெகே மாதிரிப் பெயர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரியாவின் மூலம் எபிரேய மிரியாம். அதன் பொருளைப் பற்றி அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், விடுங்கள்.

அப்புறம், மாற்றிக்கொண்டவரும் உண்டு. 1947இல் பிறந்த டச்சு இளவரசி மரியா கிறிஸ்டினாவை மரைக்கே என்றே அழைத்தார்கள்; 1963இலிருந்து அவர் கிறிஸ்டினா ஆகிவிட்டார்.