கணக்கில் வராத மூன்று அணா

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது வயதில் மகன், ஐந்து வயதில் மகள். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டு முகப்பில் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். பெரும்பாலும் பக்தி, பிள்ளை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம், இந்த மூன்றுக்குள்தான் சுற்றி வருவோம்.

போன மாதம் என் முறை. மனதில் பட்டதைச் சொன்னேன். முழு நம்பிக்கையோடு கேட்டால் கடவுள் தராமல் இருக்கமாட்டார் என்றது பக்திப் புத்தகம். என் அப்பச்சி (அப்பா) ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் முழு நம்பிக்கையோடுதான் கேட்டேன். அவர் போய்விட்டார். அப்படியானால் என் நம்பிக்கையில்தான் குறையா என்று கேட்டேன். பிள்ளை வளர்ப்புப் புத்தகம் ஒருபோதும் குரலை உயர்த்தாதீர்கள் என்கிறது, நம் முன்னோர் அப்படித்தான் அன்பாக வளர்த்தார்களாம். அதைப் படித்ததிலிருந்து தினமும் குற்ற உணர்ச்சியோடு தூங்கப் போகிறேன். மூன்றாவது புத்தகம், ஒரு வருடம் தொடாத பொருளை வீட்டை விட்டு அனுப்பச் சொல்கிறது. என் ஆத்தா கொடுத்த சாமான்களை என்ன செய்வது?

பேசி முடித்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் மட்டும், "சாமி புத்தகத்தைக் குறை சொல்லக்கூடாது ஆத்தா" என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நல்ல எண்ணத்தில் எழுதிய புத்தகங்களைப் பற்றி இப்படிப் பேசியது தவறா?

இப்படிக்கு,
தேவகோட்டை வாசகி

*

அன்புள்ள தேவகோட்டை வாசகிக்கு,

தவறே இல்லை. கதைப் புத்தகம் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். நீங்கள் சொல்லும் மூன்று வகையும் அப்படியில்லை. சாமி அறைக்குள்ளும் அடுப்படிக்குள்ளும் வந்து உட்கார்ந்து, இப்படி இரு, அப்படிச் செய் என்று சொல்கிறவை. வீட்டுக்குள் வந்து பேசுகிறவரிடம் வீட்டுக்காரி பதில் பேசாமல் யார் பேசுவது?

கடைசிப் புத்தகத்தில் இருந்து தொடங்குகிறேன். அதைப் படித்ததும் எனக்கு என் அப்பத்தாவின், அதாவது அப்பாவின் அம்மாவின், கணக்கு நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் 'வேறு வைக்கிறது' என்ற வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நம் பெரிய வீடுகளைப் பார்க்கிறவர்கள், எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு பொங்கியிருக்கும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கல்யாணம் ஆன மகனுக்கும் மருமகளுக்கும் அதே வீட்டுக்குள் தனி அறை, தனி அடுப்பு, இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று ஒதுக்கிக் கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். முகப்பும் வளவும் (உள்முற்றம்) எல்லோருக்கும் பொது. வரவு செலவு அவரவர் பாடு. பதினாறு வயதுப் பெண் அன்றைக்கே ஒரு குடும்பத்தின் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவாள்.

அப்பத்தாவின் நோட்டு அப்படித் தொடங்கியது. மேலே பிள்ளையார் சுழி. கீழே புளி, மிளகாய், நல்லெண்ணெய், சலவைக் கூலி, கோயில் உண்டியல். நான்கைந்து பக்கத்துக்கு ஒருமுறை ஒரு வரி வரும்: 'கணக்கில் வராதது, 3 அணா.' எங்கே போனது என்று தெரியவில்லை. புளியில் ஓர் அணா, எண்ணெயில் இரண்டு அணா கூட்டி எழுதிச் சரிக்கட்டியிருக்கலாம். கேட்க ஆளில்லை, ஐயா (தாத்தா) பர்மாவில் இருந்தார். ஆனாலும் தெரியாததைத் தெரியாதது என்றே எழுதி வைத்தார். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் வீட்டு நிர்வாகப் புத்தகங்களில் நான் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். எல்லாக் கூட்டலும் சரியாக வருகிற வீட்டை நான் பார்த்ததில்லை.

பொருள்களை அனுப்பும் விஷயம். அந்த விதியை எழுதியவருக்குச் சின்ன அடுக்ககம் மனதில் இருந்திருக்கும். அவருக்கு அது சரி. நம் வீட்டு அண்டாக்கள் தலைமுறைக்கு நான்கு தடவைதான் வெளியே வரும், அந்த நான்கு தடவையும் ஊரே சாப்பிடும். ஒரு வருடக் கணக்கு அவற்றுக்குச் செல்லாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு முன்னால் நடந்து பாருங்கள். எனாமல் தூக்குகளும் மரப்பெட்டிகளும் தாம்பாளங்களும் அடுக்கிக் கிடக்கும். எனக்கு அங்கே போனால் தொண்டை அடைக்கும். அதே சமயம், பூட்டிய அறையில் இருக்கும் பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிற கை உங்களுடையது என்பதையும் மறக்கக்கூடாது. உங்கள் ஆத்தாவின் முகம் நினைவுக்கு வருகிற சாமான்களை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை, அதை உண்மையிலேயே புழங்கக்கூடிய சொந்தத்துக்குக் கொடுங்கள். அவ்வளவுதான்.

பிள்ளை வளர்ப்புக்கு வருகிறேன். 'நம் முன்னோர் அன்பாக வளர்த்தார்கள்' என்ற வரி எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்தார்கள். முகவராகப் போனால் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்கு. என் அப்பச்சி தன் அப்பாவை முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு மூன்று வயது. வண்டியில் இருந்து இறங்கியவரைப் பார்த்து அழுது, பெட்டகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். அடுத்த மூன்று நாள் பக்கத்தில் போகவே இல்லை. கொஞ்சம் வளர்ந்ததும் பையன்கள் வட்டிக்கடைப் பெட்டியடியில் வேலை பழகக் கடல் கடந்து போனார்கள். அம்மா மடியில் இருக்க வேண்டிய வயதில் வட்டிக் கணக்கு.

அப்படியானால் வளர்த்தது யார்? ஆத்தாக்களும் அப்பத்தாக்களும் ஆயாக்களும் (அம்மாவின் அம்மாக்களும்). அவர்களோடு, வீட்டு வேலைக்கு வந்து, தன் பிள்ளையைத் தன் வீட்டில் விட்டுவிட்டு நம் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள். அவர்கள் குரலை உயர்த்தவில்லை என்று யார் சொன்னது? என் அப்பத்தா கத்தினால் இரண்டாம் கட்டில் இருந்து முகப்புவரை கேட்கும்.

நானும் கத்தியிருக்கிறேன். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத மகளை அடிஸ்கேலால் அடித்திருக்கிறேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது. அதனால் அந்தப் புத்தகத்தை முழுக்கத் தள்ள எனக்கு மனமில்லை. அடிக்காதே என்று அதில் சொல்லியிருந்தால் அது நூற்றுக்கு நூறு சரி, முன்னோரைச் சாட்சிக்கு இழுக்காமலே சரி. நான் மகளிடம் மன்னிப்புக் கேட்க ஆறு வருடம் ஆனது. நீங்கள் கத்திய அன்றே, விளக்கணைப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். குற்ற உணர்ச்சியோடு தூங்குவதைவிட அது இருவருக்கும் நல்லது.

இன்னொன்று. பிள்ளை வளர்ப்பு பற்றிய புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைக்கான புத்தகத்தைக் கூட்டுங்கள். அழ. வள்ளியப்பா நமக்குப் பக்கத்து ராயவரத்தில் 1922-இல் பிறந்தவர், வங்கி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார். உங்கள் மகளுக்கு ஐந்து வயது. ராத்திரி அவர் பாட்டு ஒன்றை அவளோடு சேர்ந்து சத்தம் போட்டுப் பாடிப் பாருங்கள். உயர்த்திய குரல் அதற்கும் ஆகும்.

அப்புறம், அந்தப் பக்திப் புத்தகம். உங்கள் அப்பச்சி போனதற்கு உங்கள் நம்பிக்கையில் குறை இருந்தது காரணம் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். துக்கத்தில் இருக்கிறவர் தலையில் அந்தப் பழியையும் ஏற்றுகிற வரி, யார் எழுதினாலும் எந்தச் சாமி பெயரில் எழுதினாலும், கொடுமையான வரி.

சாமியைக் குறை சொல்லக்கூடாது என்பது நம் பக்தியின் வழக்கமும் இல்லை. சுந்தரர் கண் பார்வை போய், காஞ்சியில் ஒரு கண் மட்டும் திரும்பக் கிடைத்து, திருவாரூருக்கு வந்து நின்று பாடிய பதிகம் இருக்கிறது. நாங்கள் உமக்கே மீளா அடிமையாக இருந்தும் எங்கள் துன்பத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்தால், சரி, நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். பாட்டுக்குப் பாட்டு 'வாழ்ந்து போதீரே' என்றே முடிகிறது. அதை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, ஏழாம் திருமுறையில் வைத்திருக்கிறோம். நம்மூர் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனையும் சொல்லலாம். நாத்திகம் பேசித் திரிந்த தன் காலத்தை மறைக்காமல் சொன்னவர் என்பதால்தான் 'அர்த்தமுள்ள இந்துமதம்' எனக்கு நெருக்கமானது, அதில் நான் ஒத்துக்கொள்ளாத பக்கங்கள் பல இருந்தும்.

அப்பத்தாவின் மூத்த பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அந்த வருடமும் அவர் பிள்ளையார் நோன்பை விடவில்லை. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலிழையாக 21 நாள் சேர்த்து, சஷ்டியும் சதயமும் கூடிய அன்று மாவில் இழையை ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொண்டார். "எப்படி அப்பத்தா முடிஞ்சது?" என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "கோவந்தான். இப்பவும் கோவந்தான். அதுக்காகப் பிள்ளையாரை வீட்டை விட்டு அனுப்பிற முடியுமா?" என்றார். கணக்கில் வராத மூன்று அணாவை எழுதிய அதே அப்பத்தா.

உங்கள் மூன்று புத்தகங்களின் ஓரத்திலும் நினைத்ததை எழுதி, தேதி போட்டு வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று நினைத்த கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. தேவகோட்டையில் ஒரு தாய் இந்த வரியை ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் யாராவது தேடுகிற சேதியாக இருக்கும்.

அந்த மூத்தவரை மனதில் கசப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். "ஆத்தா" என்று அழைத்துத்தானே சொன்னார்? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். அந்தப் பக்திப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார் என்று கேளுங்கள், ஏன் என்றும் கேளுங்கள். அவருக்கும் ஒரு நாற்பது நாள் இருந்திருக்கலாம். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி