11 கேன்வாஸ், ஒன்றும் முடியவில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 57 வயது. கணவர் வங்கியில் ஓய்வு பெற்றதும் சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாமல்லபுரம் வந்தோம். இரண்டு வருடம் ஆகிறது. ஓவியம் வரைய வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. சரி என்றுதான் நானும் வந்தேன். ஆனால் இந்த ஊரில் யாருக்கும் எதற்கும் அவசரமே இல்லை. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்கிறது. வெல்டிங்காரர் ஆறு வாரமாக "நாளைக்கு வரேம்மா" என்கிறார். இவரும் அப்படியே ஆகிவிட்டார். காலையில் கல்பட்டறையில் உட்கார்ந்து சிற்பி உளி பிடிப்பதைப் பார்க்கிறார். சாயங்காலம் ஒத்தவாடைத் தெருவில் டீ, சர்ஃபிங் போர்டோடு வரும் மீனவர் வீட்டுப் பையன்களோடு அரட்டை. வாங்கியது 11 கேன்வாஸ். எல்லாவற்றிலும் பாதிக் கடல். நாட்டிய விழாவுக்கு ஊரே கூடும்போது நாலு படமாவது மாட்டலாமே என்றால் சிரிக்கிறார். மத்தியானம் நன்றாகத் தூங்குகிறார். எனக்குத்தான் ராத்திரி தூக்கமில்லை. அவருக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நடுவில் எழுந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கிற பழக்கம், அது கிடக்கட்டும். இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு இப்படிச் சும்மா இருக்கலாமா? ஒரு படமாவது முடிக்க வேண்டாமா? வெல்டிங்காரர் இன்னும் வரவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

ஒரு வாசகி, மாமல்லபுரம்

அன்புச் சகோதரிக்கு,

"அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். வெல்டிங்காரரை இரண்டு முறை சொன்னீர்கள், கேன்வாஸை எண்ணிச் சொன்னீர்கள். மூக்கருகே வைக்கும் கைக்கு ஒரே ஒரு வரி. எத்தனை ராத்திரியாக இது நடக்கிறது? அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றே தோன்றுகிறது.

கோபம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், படிக்கும் எனக்குப் பயமாகத்தான் கேட்கிறது. முடிப்பதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ஒரு படம் முடிந்து சுவரில் ஏறினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். பயப்படுவதில் தப்பே இல்லை. அதைக் கணக்காக்கி அவர் தலையில் வைப்பதுதான் தப்பு. இதில் நான் அவர் பக்கம். ஆயுசெல்லாம் ஊரார் பணத்தைக் காசு பிசகாமல் எண்ணியவர், உளி கல்லில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டுமே. உங்கள் ஊர்த் தர்மராஜ ரதத்தைப் போய்ப் பாருங்கள். பல்லவர் காலம், 7ஆம் நூற்றாண்டு. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். மேல்தளங்களில் அத்தனை அழகு, அடித்தளம் முடியவே இல்லை. அதன் முன்னால் நின்று சிற்பியைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை.

இன்று சாயங்காலமே அவரிடம் சொல்லுங்கள், "ராத்திரி நான் உங்க மூச்சைப் பார்க்கிறேன், எனக்குப் பயமா இருக்கு" என்று. படத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். மனதில் இருக்கிற கேள்வியை டாக்டரிடமே கேளுங்கள், உங்கள் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நள்ளிரவில் ஒன்று என்றால் எந்த மருத்துவமனை, யாரைக் கூப்பிடுவது என்று இருவரும் பேசி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். கம்பிக்கு வேறு ஆள் பாருங்கள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவரோடு பட்டறைக்குப் போங்கள். தூசிக்கு முந்தானையை மூக்கில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அங்கே என்ன பார்க்கிறார் என்று அவரையே கேளுங்கள். எப்போது முடிப்பீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம்.