வெளிப்பொருத்து எஞ்சின் சூடேறுகிறது, தண்ணீர் பம்ப் போய்விட்டதா?

முல்லைத்தீவில் வள்ளம் வைத்திருக்கும் நீங்கள், எஞ்சின் ஓடும்போது பக்கத்துத் துளையால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

உடனே பம்பைக் கழற்ற வேண்டாம். அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். உப்போ மணலோ அடைத்திருந்தால் அதிலேயே சரியாகிவிடும். கீழே தண்ணீர் உறிஞ்சும் வாயில் பாசி, பொலித்தீன் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதுவும் சரி என்றால், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர்தான். அதன் ரப்பர் இதழ்கள் ஒரு பக்கம் மடிந்தபடி விறைத்திருந்தாலோ, அடியில் வெடிப்புத் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். ஓர் இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே நீர்வழியில் போய் அடைத்துக்கொள்ளும். பம்ப் கூட்டின் உட்சுவரையும் அடித்தகட்டையும் நகத்தால் தடவுங்கள். நகம் தடக்கினால் அவற்றையும் மாற்றுங்கள். புது இம்பெல்லர் மட்டும் போட்டுப் பயனில்லை. திரும்பப் பூட்டும்போது, இம்பெல்லரைச் சுழற்றும் தண்டை எஞ்சின் சுழலும் திசையில் திருப்பிக்கொண்டே, கூட்டை இம்பெல்லர் மேல் இறக்குங்கள்.

நாயாறு, கொக்கிளாய் முகத்துவாரங்களில் மணல் மேடு அடிக்கடி இடம் மாறும். ஆழம் குறைந்த இடத்தில் வேகம் கொடுத்தால் பம்ப் மணலையும் சேர்த்து இழுத்துத் தேய்ந்துவிடும். கரையில் தண்ணீரில்லாமல் ஒருக்காலும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ரப்பர் சில நொடிகளிலேயே கெடத் தொடங்கும். தொழில் முடிந்து வந்ததும் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.