வேலியோரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல உயிர்வேலி, அதாவது செடியையே வேலியா வளக்கறது பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல வேலிச் செடி பத்திக் கேட்டதை மட்டும் இந்தத் தடவ எடுத்துக்கறேன்.

அக்கா, தாராபுரம் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் கொறங்காடு இருக்கு. சுத்தி தாத்தா காலத்து கிளுவை வேலி. நடுவுல நடுவுல பட்டுப்போய் சந்து விழுந்துருச்சு. ஜேசிபி விட்டு எல்லாத்தையும் புடுங்கிட்டு கல்லுக்கால் நட்டு கம்பி இழுத்துரலாம்னு அண்ணன் சொல்றார். என்ன பண்ணலாம்?

தம்பி, தயவுசெஞ்சு ஜேசிபிய உள்ள விடாதீங்க. சந்து விழுந்த இடத்த மட்டும் அடைங்க போதும், வேலி முழுசும் போயிடல. கொறங்காடுன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா மத்த வாசகர்களுக்காகச் சொல்றேன், காங்கயம், தாராபுரம், கரூர் பக்கம் மழை கம்மியான மேட்டு நிலத்துல கீழ கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம், சுத்தி முள்ளுக்கிளுவை வேலி, இந்த மூணும் சேந்ததுதான் கொறங்காடு. காங்கயம் மாடு வளந்ததே இதுலதான். வேலி அடர்த்தியா இருந்தா மாட்ட உள்ள விட்டு படலை இழுத்துச் சாத்திட்டு நம்ம வேலையப் பாக்கலாம், மேய்க்க ஆள் வேண்டாம். அந்த வேலியத்தான் உங்கண்ணன் புடுங்கச் சொல்றார்.

சந்த அடைக்கறது எப்படின்னா, வெயில் காலத்துல கிளுவை இலைய உதுத்துட்டு மொட்டையா நிக்கும்ல, அப்ப நல்லா முத்துன கிளையா பாத்து ஆள் இடுப்பு, நெஞ்சு உயரத்துக்குப் போத்து, அதாவது நடறதுக்கான கம்பு, வெட்டுங்க, நிழல்ல கொஞ்ச நாள் போட்டு வெட்டுவாய் காஞ்சதும், கோடை மழைல மண்ணு நனைஞ்ச உடனே கடப்பாரைல குழி போட்டு நெருக்கமா நட்டு சுத்தி நல்லா மிதிச்சு விடுங்க. தண்டுலயே ஈரம் இருக்கறதால வேர் பிடிக்கற வரைக்கும் தாங்கும். ஆனா கொழுந்து விட்டதும் வெள்ளாடு கடிச்சிரும், மொத வருஷம் மட்டும் முள்ளு வெட்டிப் போட்டு மறைச்சு வைங்க. பக்கத்துக் கிளைய வளைச்சு ஒண்ணோட ஒண்ணு பின்னி விட்டீங்கன்னா நாலஞ்சு வருஷத்துல ஆடு என்ன, கோழி நுழையக்கூட யோசிக்கும்.

இன்னொண்ணு, ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து உங்க பக்கம் எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். எங்க தோட்டத்துல மேக்கால பக்கத்து வேலிய எடுத்துட்டு கம்பி போட்டோம், அடுத்த ஆடிலயே மேல்மண்ணு எல்லாம் பறந்து பருத்திச் செடி மேல புழுதியா படிஞ்சுது, கம்பி காத்த எங்க தடுக்கும்? அதுவரைக்கும் அந்த வேலிக்குள்ள கவுதாரி, கீரி, ஓணான்னு ஒரு ஊரே குடியிருந்துச்சு, எல்லாம் போயிருச்சு, அத நெனச்சா இன்னைக்கும் மனசு வலிக்குது. "வேலிக்கு ஓணான் சாட்சி"ன்னு சொல்ல, வேலியும் இல்ல ஓணானும் இல்ல. உங்கண்ணன்கிட்ட இதச் சொல்லுங்க.

கோயமுத்தூர்ல சின்ன வீடு, காம்பவுண்டு ஓரமா 3 அடி இடம் இருக்கு. நொச்சி வெச்சா கொசு வராதுங்கறாங்களே, நெசமா?

நொச்சி வைங்க, ஆனா கொசுவுக்காக மட்டும் வைக்காதீங்க. செடி சும்மா நின்னா கொசு ஓடாது. காஞ்ச இலைய தணல்ல போட்டு பொக காட்டுனா அந்த நேரத்துக்கு கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். டெங்கு கொசு பகல்ல கடிக்கறது, நல்ல தண்ணில முட்டை போடறது, அதனால மொட்டைமாடில கிடக்கற டயர், தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தேங்கற தண்ணி இதெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா கவுத்து விடுங்க.

மத்தபடி நொச்சி மாதிரி வீட்டுக்கு ஒத்தாசையான செடி கெடையாது. ஒரு குச்சி ஒடிச்சு நட்டா வந்துரும், ஆடு தொடாது, ஊதா நிறத்துல சின்னச் சின்னப் பூவா பூக்கும், தேனீ வரும். சளி பிடிச்சா இலையக் கொதிக்க வெச்சு வேது பிடிக்கறது தெரியும்தானே, ஆனா சின்னக் கொழந்தைங்கள கொதிக்கற பாத்திரத்துக்கிட்ட உக்கார வைக்காதீங்க, கைதவறி ஊத்துனா வெந்து போயிரும். எங்க ஆத்தா பயறு, உளுந்து பானைல நொச்சித் தழைய காய வெச்சு அடுக்கடுக்கா போட்டு வைப்பாங்க, வண்டு அண்டாது. பழைய காலத்துல கோட்டைய காவல் காத்த வீரங்க நொச்சிப் பூவத்தான் சூடுனாங்க, பழைய தமிழ்ப் பாட்டுல கோட்டை காக்கற போரப் பாடற பிரிவுக்கே நொச்சித் திணைன்னுதான் பேரு. மதில காத்த பூவ உங்க மதிலோரம் வைக்கறது பொருத்தம்தானே. 3 அடி இடத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ கவாத்து பண்ணுங்க, இல்லாட்டி பக்கத்து வீட்டுக்குள்ள சாஞ்சிரும்.

எனக்கு மூணாவது மாசம் நடக்குது. விடாத இருமல். வேலில இருக்கற ஆடாதோடை இலைல கஷாயம் வெச்சுத் தர்றேன்னு அத்தை சொல்றாங்க. குடிக்கலாமா அக்கா?

வேண்டாம் கண்ணு. அத்தை பாசத்துலதான் சொல்றாங்க, இருமலுக்கு ஆடாதோடை நல்ல மருந்துங்கறதும் உண்மை. அதுல இருக்கற வாசிசின்ங்கற சத்த வெச்சு ஆராய்ஞ்சுதான் ப்ரோம்ஹெக்சின்ங்கற சளி மருந்தே வந்துச்சு, இப்ப கடைல விக்கற நெறைய இருமல் சிரப்புல அது இருக்கும். ஆனா அதே வாசிசின் கர்ப்பப்பைய சுருங்க வைக்கும். அதனால உண்டானவங்க ஆடாதோடைய எந்த ரூபத்துலயும் எடுக்கக் கூடாது, நாட்டு மருந்துக்கடைல பொடியா கெடச்சாலும் சரி. டாக்டர்கிட்ட மாசத்தச் சொல்லி இருமலக் காட்டுங்க, அத்தைகிட்டயும் இந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. செடிய வெட்டிராதீங்க, பின்னாடி வீட்டுல மத்தவங்களுக்கு ஒதவும், தழைய வயலுக்கு உரமாவும் போடலாம்.

வாசல்ல மஞ்சள் அரளி வேலி இருக்கு, தண்ணி ஊத்தாமலே பூக்குது. ரெண்டு வயசுப் பேரன் வரப்போறான், இருக்கட்டுமா?

எடுத்துருங்க ஐயா, பேரன் வர்றதுக்கு முன்னாடியே. பூ, இலை, பால் எல்லாமே விஷம், அதுலயும் அந்த முக்கோணக் கொட்டை ரொம்ப மோசம், இதயத் துடிப்பையே நிறுத்திரும். வெட்டுனத எரிக்காதீங்க, பொகையும் ஆகாது, குழி தோண்டிப் புதைங்க. யாராச்சும் வாய்ல போட்டுட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே கைவைத்தியம் பாத்துட்டு இருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. அந்த எடத்துல மருதாணி நடுங்க, அதுவும் தண்ணி கேக்காது, பூ வாசம் தெருவுக்கே வரும்.

ரயில் கத்தாழைய வெட்டி மூஞ்சில பூசலாமா?

கூடாது. நீங்க நெனக்கறது சோத்துக்கத்தாழை, அது வேற. ரயில் கத்தாழை மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்த நார்ச்செடி, தண்டவாளத்தோரம் வேலியா வெச்சதால அந்தப் பேரு. கயிறு திரிக்க அருமையா இருக்கும், சாறு தோல்ல பட்டா அரிச்சுத் தடிச்சுப் போகும்.

வேலில பிரண்டை படந்திருக்கு. துவையல் அரைச்சேன், நாக்கு அரிச்சு தூங்கவே முடியல. எங்க தப்பு?

முத்துன தண்டப் பறிச்சிருப்பீங்க. நுனில இருந்து ரெண்டு மூணு கணு மட்டும் எடுங்க, கைல நல்லெண்ணெய் தடவிக்கிட்டு ஓரத்து நார உரிச்சுப் போட்டு, கணுவ வெட்டி எறிஞ்சிட்டு, பொடியா நறுக்கி எண்ணெய்ல நெறம் மாறி சுருங்கற வரைக்கும் பொறுமையா வதக்குங்க, அவசரப்பட்டா இதுல ஆகாது. அரிப்பு அதுல இருக்கற ஊசி மாதிரி சுண்ணாம்பு உப்பால வர்றது, அதனால புளிய எப்பவும் விட கொஞ்சம் தாராளமா வெச்சு, வரமொளகா, உளுத்தம்பருப்பு, பெருங்காயம் வறுத்துச் சேத்து அரைங்க. மொதல்ல ஒரு உருண்டை நாக்குல வெச்சுப் பாத்துட்டு அப்பறம் எல்லாருக்கும் போடுங்க.