தாடியஸ் ஸ்டீவன்ஸ் விட்டுக்கொடுத்தாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு இடம் உறுத்துகிறது. 1838-ல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே ஓட்டு என்றபோது, கையெழுத்துப் போட மாட்டேன் என்றவர் அவர். அதே மனிதர் 1866-ல், கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமையை உறுதி செய்யாத, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்தை ஏன் முன்னின்று நிறைவேற்றினார்? வயதான காலத்தில் சமரசத்துக்கு இறங்கிவிட்டாரா?

– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல கேள்வி. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான ஆவணங்கள் அல்ல. 1838-க்கு முன் பென்சில்வேனியாவின் சில மாவட்டங்களில் கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய சட்டம் அதைப் பறித்தது. இருந்ததைப் பிடுங்கும் ஆவணத்தில் அவர் பெயர் இருக்கக் கூடாது என்று நினைத்தார். 1866-ல் வந்தது கொடுக்கிற ஆவணம். போதாமல் கொடுத்தது, அவ்வளவுதான். அதையும் தள்ளிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் முக்கியம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடிமை முறை இருந்தவரை, ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். 1865-ல் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அப்புறம் என்ன? ஐந்து பேரும் ஐந்து பேராகவே எண்ணப்படுவார்கள். ஆனால் தென் மாநிலங்களில் அவர்களில் ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற பழைய எஜமானர்கள், போருக்கு முன்பு இருந்ததைவிடக் கூடுதல் பலத்தோடு சபைக்குள் வந்து உட்காரலாம்! ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனும் அவர்களை அவசர அவசரமாக மன்னித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீவன்ஸ் முதலில் வாசலை அடைத்தார். 1865 டிசம்பர் 4 அன்று சபை கூடியது. எழுத்தர் எட்வர்ட் மெக்பெர்சன் உறுப்பினர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். நாட்டிலிருந்து பிரிந்து போயிருந்த தென் மாநிலங்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. டென்னசியிலிருந்து தேர்வாகி வந்திருந்த ஹொரேஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றார். வாசிப்புக்கு நடுவே குறுக்கிட அனுமதியில்லை என்று மெக்பெர்சன் மேலே வாசித்துக்கொண்டே போனார். மேனார்ட் போரில் வடக்கின் பக்கம் நின்றவர்; அவருக்கே இந்தக் கதி. மெக்பெர்சன் ஸ்டீவன்ஸுக்கு வேண்டியவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சபை விதிகள் தெரிந்த ஒருவர் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வாசலை எவ்வளவு நாள் அடைத்து வைக்க முடியும்? அதற்குத்தான் 14-வது திருத்தம். பிறப்பால் குடியுரிமை, எல்லோருக்கும் சட்டங்களின் சம பாதுகாப்பு. நம் அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவில் நீங்கள் படிக்கும் அதே சம பாதுகாப்பு அங்கிருந்து வந்ததுதான். ஓட்டு விஷயத்தில் மட்டும் அது தயங்கியது. ஆண்களுக்கு ஓட்டு மறுக்கும் மாநிலத்துக்கு இடங்கள் குறையும் என்றதோடு நின்றுவிட்டது. அந்தத் தண்டனையும் பிறகு நடைமுறைக்கே வரவில்லை.

1866 ஜூன் 13 அன்று, இறுதி வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசியதைத் தேடிப் படியுங்கள். பழைய கட்டடத்தின் மோசமான பகுதிகளுக்கு ஒட்டுப் போடுவதோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது என்று சபையிலேயே சொன்னார். இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறீர்கள் என்றால், நான் மனிதர்களிடையே வாழ்கிறேன், தேவதூதர்களிடையே அல்ல என்றார். சமரசம் செய்கிறவர்கள் வழக்கமாகக் கிடைத்ததைப் புகழ்ந்து தள்ளுவார்கள். இவர் ஆதரவு ஓட்டும் போட்டார், அது போதாது என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான் இவரை மதிக்கிறேன்.

ஓட்டுரிமையையும் அவர் அதோடு விட்டுவிடவில்லை. தென் மாநிலங்கள் திருத்தத்தை நிராகரிக்கத் தொடங்கின. 1867 மார்ச் 2 அன்று, ஜான்சனின் வீட்டோவைத் தாண்டி மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியது. பத்து மாநிலங்கள் ராணுவ நிர்வாகத்தின் கீழ் வந்தன. கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டுப் புதிய அரசியல் சட்டங்களை உருவாக்க வழி பிறந்தது. எல்லாம் ஒன்பதே மாதத்துக்குள்!

அவரைக் குறைசொல்ல வேண்டுமென்றால் 1821-க்குப் போங்கள். கெட்டிஸ்பர்க்கில் இளம் வக்கீலாக இருந்தபோது ஓர் அடிமை உரிமையாளருக்காக வாதாடி ஜெயித்தார். சாரிட்டி பட்லர் என்ற பெண்ணும் அவருடைய குழந்தைகளும் அடிமைகளாகவே இருக்க நேர்ந்தது. அதை நான் எந்தக் காரணம் சொல்லியும் மன்னிக்க மாட்டேன். பிறகு தப்பி வந்தவர்களுக்காக எத்தனையோ வழக்குகளில் அவர் நின்றார் என்பதும் உண்மை.

அவர் நிஜமாகவே தோற்றது நில விஷயத்தில். போரைத் தூண்டிய பெரிய பண்ணையார்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் தர வேண்டும் என்று 1865 செப்டம்பரிலேயே லான்காஸ்டரில் பேசினார். சொந்த நிலம் இல்லாதவன் பழைய எஜமானின் கையைத்தான் எதிர்பார்த்து நிற்பான் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சொத்தில் கை வைப்பதா என்று அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்களே பின்வாங்கினார்கள். 1867-ல் மறுபடியும் மசோதா கொண்டுவந்தார். அதுவும் நிறைவேறவில்லை. 1868 ஆகஸ்ட் 11 அன்று அவர் இறந்தார். விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் அதே பண்ணைகளில், விளைச்சலில் பங்கு தரும் வார முறையில் உழுதார்கள். பருத்தி விளைந்ததும் பங்கும் பற்றுக் கணக்கும் போட்டவர் நில உடைமையாளர். ஓட்டுப் போடும் நாளில் மிரட்டவும் அவருக்கு அந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.