பல் டாக்டருக்குப் படிப்பவர்கள் பல் தேய்க்கும் விதம்: வாசகர் கேள்வி பதில்

பல் மருத்துவ மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகள் பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டு. மெழுகில் கடைவாய்ப்பல்லை அச்சு அசலாகச் செதுக்குகிறாள். ஆனால் இரவில் பல் தேய்க்காமலே படுத்துவிடுகிறாள். காலையில் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தையும் விட்டுவிடுகிறாள். படிக்கிற பிள்ளையே இப்படிச் செய்யலாமா?
(ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா. முதல் இரண்டு ஆண்டுகளில் உடற்கூறு, நுண்ணுயிரியல், பற்பொருள்கள் என்றுதான் படிப்பு போகும். நோயாளியின் வாயைப் பார்க்கத் தொடங்குவது மூன்றாம் ஆண்டில். பல் பராமரிப்புப் பழக்கத்தை அளக்க, ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் கவாமுரா 1988இல் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. 'தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது', 'வலி வந்தால்தான் பல் மருத்துவரிடம் போவேன்' என்பது போல 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்ததில், நோயாளிகளைப் பார்க்கும் ஆண்டுக்கு வந்தவர்களே பெரும்பாலும் கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள். ஈறு அதுவரை காத்திருக்காது.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடுவதுதான் இதில் பெரிய தவறு. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோவும் உடன் பணியாற்றியவர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வை மகளிடம் சொல்லுங்கள். ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் 9 பேர் முதலாண்டு பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆக, ரத்தம் வருகிறதென்றால் அங்கே பற்படலம் (பல்லில் ஒட்டும் கிருமிப் படலம்) தங்கியிருக்கிறது; அந்த இடத்தைத்தான் மென்மையான பிரஷால் இதமாக, நாளுக்கு இருமுறை தேய்க்க வேண்டும். இரண்டு வாரமாகியும் நிற்காவிட்டால் காரை (இறுகிக் கெட்டியான பற்படலம்) படிந்திருக்கலாம். காரை பிரஷுக்கு அசையாது. பல் மருத்துவரிடம் அதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு மாணவன். நோயாளிகளுக்குப் 'பாஸ்' என்ற பல் தேய்க்கும் முறையை நானே சொல்லிக்கொடுக்கிறேன். என் பல்லில் பற்படலத்தைச் சிவப்பாகக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தால் கீழ்க்கடைவாயின் உட்புறம் முழுக்கச் சிவப்பு! எங்கே தவறுகிறேன்?
(மதுரை)

பதில்: சாயம் போட்டுப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. முதலில் எண்ணுங்கள். ஞானப்பல் நீங்கலாக 28 பல், பல்லுக்கு 4 பக்கம், மொத்தம் 112. ஈறோரம் சிவந்த பக்கங்களை 112ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் பற்படலம் படிந்த பக்கங்களின் சதவீதம் வரும்; இதுதான் ஓ'லியரி கணக்கு. 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது 11 பக்கங்களுக்கு மேல் சிவக்கக் கூடாது.

கீழ்க்கடைவாயின் உட்புறம் தவறுவதற்குக் காரணம் நாக்கு. அது பிரஷைத் தள்ள, குச்சங்கள் ஈறோரத்தை விட்டு மெல்லும் பரப்புக்கு ஏறிவிடுகின்றன. பிரஷின் தலை பெரிதாக இருந்தால் இன்னும் மோசம். சிறிய தலைப் பிரஷ் வாங்குங்கள். குச்சங்களை ஈறோரத்தில் 45 பாகை சாய்த்து, இரண்டு மூன்று பற்களை ஒரு சேர வைத்து, நகர்த்தாமல் பத்து தடவை குறுக்கே அதிரச் செய்து, பிறகு ஈறிலிருந்து பல்முனை நோக்கி வழியுங்கள். முன்பல்லின் உட்புறத்துக்குப் பிரஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கோரைப்பல் வளைவில் கையைத் திருப்பும்போது பலரும் ஒரு பல்லைத் தாண்டிவிடுகிறார்கள்; அங்கே நின்று போங்கள்.

பிரஷைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். மூன்று மாதத்துக்கு முன்பே குச்சங்கள் விரிந்தால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். பல் இடுக்குக்கு எந்தப் பிரஷும் போகாது, 45 செ.மீ. ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) எடுத்துப் பல்லைத் தழுவினாற்போல் வளைத்து மேலும் கீழும் இழுங்கள். சாயச் சோதனையை வாரம் ஒருமுறை, உதட்டில் வாசலின் தடவிக்கொண்டு, இரவில் செய்யுங்கள். நாக்கின் சிவப்போடு காலை வகுப்புக்குப் போக வேண்டாம். அடுத்த வாரமும் அதே இடம் சிவந்தால், அன்றாடம் தேய்ப்பதை அங்கிருந்தே தொடங்குங்கள். கை சோர்வதற்கு முன் அந்த இடம் முடிந்துவிடும்.

கேள்வி: கெட்டிக் குச்சப் பிரஷால் அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தமான உணர்வு வருகிறது.
(விடுதி மாணவி, சேலம்)

பதில்: அந்த உணர்வை நம்பாதீர்கள். ஈறு கீழிறங்கும், பல்லின் கழுத்து தேயும், பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும்.

கேள்வி: தேர்வு நேரத்தில் இரவு ஒரு மணிவரை டீயும் பிஸ்கட்டுமாகவே போகிறது. காலையில் தேய்த்தால் போதாதா?
(சென்னை)

பதில்: போதாது. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பற்படலத்தின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கி எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீட்க அரை மணியாவது ஆகும். டீயைச் சிறிது சிறிதாக இரண்டு மணிநேரம் உறிஞ்சினால் மீளவே நேரமில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால் இரவில் விடுகிற தேய்ப்பு இரட்டிப்புக் கேடு. டீயை ஒரே மூச்சில் குடித்து முடியுங்கள், தண்ணீர் கொப்பளியுங்கள். படுக்கும் முன் 1000 பி.பி.எம். ஃப்ளோரைடு பேஸ்ட்டை பட்டாணி அளவு எடுத்து இரண்டு நிமிடம் தேய்த்து நுரையைத் துப்புங்கள். அதன்பின் கொப்பளிக்க வேண்டாம். எஞ்சிய ஃப்ளோரைடு இரவு முழுக்கப் பல்லில் இருக்கட்டும்.