கவுண்டர்டெனர் பாடகர் ஓபராவை (பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகம்) நம்பி வாழ முடியுமா?

முடியும். ஆனால் 1960-க்கு முன் கேட்டிருந்தால் 'கஷ்டம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கவுண்டர்டெனர்கள் பெரும்பாலும் பேசுவது சாதாரண ஆண் குரலில்தான். பாடும்போது குரல்நாண்களின் விளிம்பு மட்டும் அதிரும்படி பழகி, பெண்களின் ஆல்டோ (தாழ்ந்த குரல்), மெஸ்ஸோ (நடுக்குரல்) உயரத்தை எட்டுகிறார்கள்.

வழி திறந்தவர் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் டெல்லர். கேன்டர்பரி தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' ஓபராவில் தேவதைகளின் அரசன் ஓபரான் வேடத்தை அவர் குரலுக்கென்றே எழுதினார். 1960 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டபரோ ஊரில் அரங்கேற்றம். டெல்லருக்கு மேடை நடிப்பில் அனுபவம் குறைவு. மறு வருஷம் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் அந்த வேடம் இன்னொரு கவுண்டர்டெனரான ரஸ்ஸல் ஓபர்லினுக்குப் போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் வேடம் நிலைத்துவிட்டது. 1967-இல் கவுண்டர்டெனர் ஜேம்ஸ் பௌமனின் ஓபரா வாழ்க்கை தொடங்கியதே அதில்தான்.

அப்புறம் 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலின் ஓபராக்கள் மறுபடி மேடையேறின. 1724-இல் 'ஜூலியோ சேசரே'யின் நாயக வேடம் எழுதப்பட்டது, சிறுவயது உயர்குரல் மாறாதிருக்க விரைநீக்கம் செய்யப்பட்ட பாடகருக்காக. அப்படிப்பட்டவர்கள் இன்று இல்லை. அந்த வேடங்கள் மெஸ்ஸோ பாடகிகளுக்கும் கவுண்டர்டெனர்களுக்கும் வருகின்றன. போட்டி கடுமைதான்.

புதிய வேடங்களும் உண்டு. இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'அக்நாதென்' ஓபராவில் எகிப்திய மன்னனாக கவுண்டர்டெனர் அந்தோனி ராத் கோஸ்டான்சோ 2019-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் பாடினார். மன்னன் உடையேதுமின்றி வர, முடிசூட்டுக்காக மெல்ல மெல்ல உடுத்திவிடுகிறார்கள். முதல் அங்கத்தில் வெகுநேரம் அவர் வாயே திறப்பதில்லை. திறந்ததும் வரும் அந்த உயர்ந்த குரலைக் கட்டாயம் கேளுங்கள்.